டோல்மா கேட்ட கேள்வி

போன ஞாயிறு பல்லரோ சந்தைக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் நான் கைதட்டினேன். நன்றாகவே தட்டினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

விஷயம் இதுதான். இமயமலையில் ஒரு பெண்பிள்ளைகள் விடுதிக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் வருடாவருடம் ஜாக்கெட், சப்பாத்து, கொப்பிகள் அனுப்புகிறது. சிஞ்ஞோராமார் என்கிற இத்தாலிக்காரச் சீமாட்டிகளின் வீடு துடைத்துப் பிழைக்கிற சனம் நாங்கள். ஆனாலும் மனம் வைத்துக் கொடுப்போம். அதில் எனக்குப் பெருமைதான்.

சங்கச் செயலாளர் நேசன் மைக்கைப் பிடித்தார். இரண்டு நாள் மலையில் நடந்து வந்து, தாய் தகப்பனை விட்டு, விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி உருகிப் பேசினார். "அதுகளை வெளியிலை விட்ட தகப்பன்மாரைக் கும்பிட வேணும்" என்று முடித்தார். மண்டபமே தட்டியது.

அவருடைய மகள் தாரணி தட்டவில்லை. பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

உதவிக்குப் போய்க் குந்தினேன். அப்போதுதான் சொன்னாள். வடக்கே பொலோஞ்ஞா நகரத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம், விடுதி அறையோடு. அப்பா விடமாட்டாராம். அழவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

எனக்குக் கொதி ஏறியது. தேத்தண்ணீர் மேசையில் நேசனைப் பிடித்தேன்.

"குமர்ப்பிள்ளை தனிய விடுதியிலை நிண்டா சனம் என்ன கதைக்கும், அக்கா?"

"மலையிலை சனம் கதைக்காதோ?"

"அது அங்கை. இது எங்கடை வீடு."

அங்கை... இஞ்சை. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு என்ன அநியாயமெல்லாம் செய்கிறோம்! தூரத்துப் பிள்ளை படித்தால் நமக்குப் புண்ணியம். சொந்தப் பிள்ளை படிக்கப் போனால் மானம் போய்விடுமா? அங்கே அனுப்ப ஜாக்கெட் இருக்கிறது, இங்கே கொடுக்க ஒரு 'ஓம், போ' இல்லையா?

நான் மட்டும் என்ன திறம்? மைக்கில் கேட்டேனா? காதோடு காதாகக் கேட்டுவிட்டு, தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கடைசியில் விடுதியிலிருந்து வந்த கடிதம். டோல்மா என்ற பிள்ளை இங்கிலீஷில் எழுதியது. சங்கத்தின் கடிதங்களை எழுதுவது தாரணிதான், அதனால் அவள் பெயருக்கே வந்திருந்தது. வழக்கம்போல அவளே மைக்கில் தமிழாக்கிச் சொன்னாள். ஜாக்கெட் அளவாக இருக்கிறதாம். கணக்கில் முதலாவதாக வந்தாளாம். பிறகு தாரணி கொஞ்சம் நின்றாள். கடைசி வரியை அப்பாவைப் பார்த்துத்தான் வாசித்தாள்.

"அக்கா, நீங்கள் எந்த விடுதியிலை நிண்டு படிக்கிறியள்?"

இந்த முறை ஒருவரும் தட்டவில்லை. நேசன் மைக் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

நேசன் தம்பி, ஞாயிறு காலையில் பேப்பரில் நீங்கள் முதலில் திருப்புவது நான் எழுதும் இந்தப் பக்கத்தைத்தான் என்று எனக்குத் தெரியும் — பொலோஞ்ஞாவில் பதியக் கடைசி நாள் வருகிற வியாழக்கிழமை.