பதினைந்து பேர் இல்லாத வகுப்பு

மாலை நேரச் சான்றிதழ் வகுப்பு எதிலும் பதினைந்து பேருக்குக் குறைவாகச் சேர்ந்தால் அந்த வகுப்பைத் தொடங்கக் கூடாது. சேர்ந்தவர்களை வேறு வகுப்புக்கு மாற்றிவிட வேண்டும். இது பல்கலைக்கழக விதி. விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில், யாரும் படித்துவிடக் கூடாது என்பதுபோலப் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நான் படித்தேன். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து, படிவங்களின் பின்பக்கத்தைப் படித்தே சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் மளிகைக் கடை ரசீதுகளுக்கு விளக்கம் கேட்கத் தொடங்கினேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, இந்த வகுப்பின் விளம்பரத்தைக் கத்தரித்து என் மேசைமேல் வைத்தார்.

மெய்யியல் அறிமுகம். சரவணம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், கணினி நிறுவனங்கள் ஆட்களை வெளியே விட்டுச் சாலை அடைத்துக்கொள்ளும் நேரத்தில் நடக்கும். சேர்ந்தவர்கள் பதினொரு பேர். விதிப்படி எங்களை மாற்ற வேண்டிய வேறு வகுப்பு, அலுவலக நடைமுறை. முப்பது வருடம் செய்த வேலையைப் பணம் கட்டிப் படிப்பதா என்று எனக்குக் கவலை வந்தது.

எனக்காவது கவலைதான். பாடம் எடுத்த ஆசிரியைக்குப் பிழைப்பே அதில் இருந்தது. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளம் வயது, தற்காலிக நியமனம். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வகுப்பு இது. வகுப்பு நின்றால் அவர் வேலையும் நிற்கும். விதியிலிருந்து விலக்குக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். பதில் வரும்வரை நடத்துங்கள் என்று கல்லூரி முதல்வர் வாயால் சொல்லியிருந்தார். வாயால் சொன்னது உத்தரவாகாது என்று நான் ஆசிரியையிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் இங்கிதம் உண்டு.

இங்கிதம்தான் அந்த வகுப்பின் பிரச்சினையே. முதல் நாள் அவர் மேசையைத் தட்டி, யாரும் பார்க்காதபோது இது இருக்கிறதா என்று கேட்டார். இருக்குதுங்க என்றோம். இல்லை என்பதற்கு அரை மணி நேரம் காரணம் சொன்னார். ஆமாங்க, இருக்காதுங்க என்றோம். அடுத்த வாரம் அந்தக் காரணங்களை அவரே உடைத்துக் காட்டினார். அதற்கும் ஆமாங்க. மறுத்துப் பேசுவதுதான் இந்தப் பாடம், ஒருவராவது என்னை மறுத்துப் பேசுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கும் ஒருவர் எழுந்து, அவருக்கு ஆறுதல் சொல்லும் குரலில், "நீங்க படிச்சவங்க. உங்களைப் போய் எப்படீங்க மறுத்துப் பேசறது?" என்றார். மொத்த வகுப்பும் தலையாட்டியது. நானும்தான்.

கொஞ்சம் உயிர் வந்தது அனுமானம் பற்றிய பாடத்தில். புகையைப் பார்த்து நெருப்பை அறிவது என்று அவர் ஆரம்பித்ததும், தொண்டாமுத்தூரிலிருந்து வரும் ஒரு பெண் கை தூக்கினாள். இங்கே ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள்; வீட்டில் விவசாயம். காலையில் எழுந்தால் வாழை இல்லை, அதை வைத்தே யானை வந்து போனது தெரியும், ஆனால் யானையை யாரும் பார்க்கவில்லை, இது அந்த வகையில் சேருமா என்று கேட்டாள். தறிக்காரர் தன் பங்குக்கு, தறிச் சத்தத்தில் நன்றாகத் தூங்குவதாகவும், சத்தம் நின்றால்தான் விழிப்பு வருவதாகவும் சொன்னார். இல்லாத சத்தம் எப்படி எழுப்பும் என்று ஆசிரியை கேட்க, அன்று வகுப்பு முடிய நேரமாயிற்று. ஆனால் அப்போதும் யாரும் யாரையும் மறுக்கவில்லை.

பருவத்தின் நடுவில் ஒரு நாள் ஆசிரியை முகம் வாடி வந்தார். எங்கள் கோப்பு கண்டிப்பான ஓர் அதிகாரியின் மேசைக்குப் போயிருப்பதாகவும், அவர் விதியை மீறிக் கையெழுத்துப் போட்டதே கிடையாதென்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். மறுப்பு எந்த நாளும் வரலாம்.

வகுப்புக்கு முன் தேநீர் குடிக்கும்போது, இது என் துறை என்று மற்றவர்களிடம் சொன்னேன். கோப்பு வேகமாகப் போக வேண்டுமானால் சும்மா இருக்க வேண்டும். நிற்க வேண்டுமானால் நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும். அதில் புதிதாக ஒரு விவரமும் இருக்க வேண்டும். புதிய விவரம் வந்தால் மேலே போன கோப்பு மறுபடி கீழே இறங்கி, முதல் எழுத்தரிடமிருந்து ஏறும். இந்த மாதம் கால அட்டவணை, அடுத்த மாதம் வகுப்பறையின் நீள அகலம், அதற்கடுத்து ஜன்னல்கள். அதற்குள் தேர்வு முடிந்துவிடும். எல்லாக் கடிதத்தின் முடிவிலும் விரைந்து பதில் வேண்டுகிறோம் என்று இருக்கும். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

தறிக்காரர் மகிழ்ந்துபோனார். தொண்டாமுத்தூர்ப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க சார் இருக்கும். ஆனா இது சரியில்லீங்க."

என்ன சரியில்லை, எந்த வரி பொய் என்று கேட்டேன்.

"வரியெல்லாம் நெசந்தானுங்க. லெட்டர்தானுங்க பொய்யி. சீக்கிரம் பதில் குடுங்கன்னு எழுதிப்போட்டு, பதிலே வரக்கூடாதுன்னு நெனைக்கறீங்கல்ல, அதைச் சொல்றேனுங்க."

"அம்மணி, மேடத்தோட பொழப்புப் போயிருமே, அதைப் பாரு" என்றார் தறிக்காரர்.

"மேடத்துகிட்டக் கேட்டீங்களாண்ணா?"

கேட்கவில்லை. ஆசிரியை எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தோம். நேராக வகுப்புக்குள் போனார். அன்றைய பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, எல்லா வரியும் உண்மையாக உள்ள கடிதம் பொய்யாக இருக்க முடியுமா என்று பலகையில் எழுதினார். தன் வேலையை இதில் கணக்கில் சேர்க்காமல் பேசுங்கள் என்றார்.

"சேர்க்காம எப்படீங்க மேடம்? வர்ற மாசமும் நீங்க இங்க இருக்கோணுமில்லைங்க" என்றார் தறிக்காரர். அதுவரை ஆமாங்க மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர், ஆசிரியையை மறுத்ததே தெரியாமல் மறுத்துவிட்டிருந்தார். அதன்பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லாமல் இருப்பது பொய்யா, சந்தையில் மாட்டின் பல்லைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்வது பொய்யா என்று வாதம் எங்கெங்கோ போனது. எல்லோரும் ஒரு வார்த்தைக்கு இரண்டு 'ங்க' போட்டுத்தான் அடித்துக்கொண்டார்கள். சட்டத்தில் எண்ணத்துக்கு இடமில்லை, எழுத்துக்குத்தான் இடம் என்றேன். நாம இப்பச் சட்டத்துலயா சார் இருக்கோம், வகுப்புலயில்லைங்க இருக்கோம் என்று அந்தப் பெண் திருப்பினாள். காவலர் வந்து வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் தறிக்காரர் மட்டும் தூக்கினார். அவரும் பாதிக் கைதான்.

தோற்றவனையே எழுதச் சொன்னார்கள். பதினொரு பேர்தான் இருக்கிறோம், விதிப்படி இந்த வகுப்பு நடக்கக் கூடாது, ஆனாலும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறோம், முடிவை உடனே தெரிவியுங்கள் என்று எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு நேராக ஒரு மனு எழுதியதில்லை, கை கூசியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கல்லூரி வழியாக அனுப்புவதே முறை என்பதால் முதல்வரின் மேலொப்பமும் வாங்கி, பல்கலைக்கழகத் தபால் பிரிவில் நேரில் கொடுத்து முத்திரை பெற்று வந்தேன். ஒரே வாரத்தில் மறுப்பு வந்துவிடும், வகுப்பு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

பதில் வரவில்லை. இன்றைக்குத்தான் கடைசி வகுப்பு என்று நினைத்தே ஒவ்வொரு நாளும் போனோம். அதனால் ஒருவரும் தவறவில்லை, ஒருவரும் வாயை மூடிக்கொண்டும் இல்லை. தறிக்காரர் ஆசிரியையை மறுத்தார், அந்தப் பெண் என்னை மறுத்தாள், நான் விதிகளை மேற்கோள் காட்டி எல்லோரையும் மறுத்தேன். இரவு வீட்டுக்குப் போனதும், ரசீதுகளுக்கு விளக்கம் கேட்கவில்லையே, உடம்புக்கு என்ன என்றார் மனைவி. பங்குனி போய், சித்திரை வெயிலில் தேர்வும் நடந்தது. நான் விடைகளைப் பத்தி பத்தியாக எண் போட்டு எழுதியிருந்தேன். இது குறிப்பாணை அல்ல என்று ஆசிரியை ஓரத்தில் எழுதி, மதிப்பெண்ணைக் குறைக்காமல் விட்டார். சான்றிதழ்கள் வந்தன. புதிய கல்வியாண்டுக்கு ஆசிரியைக்கு நியமனமும் வந்தது.

அதற்கும் பிறகுதான் அந்தப் பதில். சிறப்பு நேர்வாகக் கருதி, பதினொரு பேருடன் வகுப்பைத் தொடங்க அனுமதி அளிக்கப்படுகிறது. ஆசிரியை அதைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸாப் குழுவில் போட்டார். உடனே தொண்டாமுத்தூர்ப் பெண் என்னைக் கூப்பிட்டாள். நேராகக் கேட்டதால்தான் கொடுத்தார்கள், பார்த்தீர்களா என்றாள். நான் எத்தனை ஜன்னலை எண்ணி எழுதியிருந்தாலும் ஒரு கோப்பை இவ்வளவு நாள் நிறுத்தியிருக்க முடியாது, உங்கள் நேர்மைதான் புதிய விவரமாகப் போய் அதை நிறுத்தியது என்றேன். அது அனுமானப் பிழை என்று அவள் ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பேசினோம், இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வகுப்பைத் தொடங்க அனுமதி வந்த அன்று ஆடி முதல் வெள்ளிக்கிழமை.