ஒரு வாரம் தள்ளிப்போன பெரிய வெள்ளி

மலைமேல் இருக்கும் பிரிஞ்சாங்கில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. முன்பக்கம் முழுக்க வயிறு திறந்த டிவிப் பெட்டிகள். பின்னறையில் ஒரு கம்ப்யூட்டர், பச்சை எழுத்துத் திரை, கரகரவென்று இழுக்கும் ஒரு பிரிண்டர். எண்பதுகளின் பிற்பாதியில் நான் தேயிலை எஸ்டேட் ஆபீசில் சின்னக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, பஸ் ஏறி அந்தப் பின்னறைக்குப் போய்விடுவேன்.

நாங்கள் நாலு பேர். கடைக்காரச் சீனரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்று கூப்பிடுவோம். மலாய் வாத்தியார் ஒருவர், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். மூன்றாவது ஆள் கியா பார்மில் அப்பாவோடு முட்டைக்கோஸ் போட்டுக்கொண்டிருந்த தமிழன், என் வயதுக்காரன். நாலாவது நான்.

அந்த அறையில் ஒரே சட்டம்தான் இருந்தது. அங்கே எழுதிய எந்தப் புரோகிராமையும் யாரும் பூட்டி வைக்கக் கூடாது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், டிஸ்க்கில் பிரதி எடுத்துப் போகலாம், திருத்தலாம். திருத்தியவன் மேலே தன் பெயரையும், என்ன திருத்தினான் என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். "நான் உனக்குக் குடுத்தேன், நீ இன்னொருத்தனுக்குக் குடு லா, முடிஞ்சுது," என்பார் தவுக்கே, தனக்குத் தெரிந்த தமிழில். ஆதித் திருச்சபையில் எல்லாவற்றையும் பொதுவில் வைத்துப் பிழைத்தார்கள் என்று போதகர் பிரசங்கம் செய்யும்போது எனக்கு இந்தப் பின்னறைதான் ஞாபகம் வரும். அதை அங்கே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.

"பாத்தியா, நம்மளையும் சர்ச்சுல சேத்துட்டான்," என்று முட்டைக்கோஸ்காரன் சிரித்தான். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

அவன்தான் எனக்குப் பாஸ்டர் என்று பெயர் வைத்தவன். நான் உள்ளே நுழைந்தாலே, "பாஸ்டர் வந்துட்டாரு, சிகரெட்டை அணைங்க" என்பான். கடையில் விற்கிற விளையாட்டு டிஸ்க்கை நான் பிரதி எடுக்க மாட்டேன். நாங்கள் எழுதியதைக் கொடுப்பது வேறு, அடுத்தவன் விற்பதை எடுப்பது வேறு என்று எனக்குத் தோன்றியது. அது அவன் வாய்க்கு வாராவாரம் அவல்.

"டேய் பாஸ்டரே, இத காப்பி அடிச்சா நேரா நரகமா? இல்ல வாசல்ல நிக்க வெச்சு லேசா சுடுவாங்களா?"

"உனக்கு எப்படியும் நேராத்தான்."

"பரவால்ல லா. இங்க குளிருதுல்ல."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கெட்டவன் இல்லை அவன். மழை நாளில் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தொழிலாளர் லயத்து வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறான். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் கிறிஸ்தவன் என்ற வேலையையும் சேர்த்துப் பார்ப்பது அலுப்பு. இந்தப் பக்கம் எஸ்டேட்டில், ஆராதனை முடிந்து சபையார் கேட்பார்கள்: "கர்த்தருடைய நாள்ல அந்தச் சீனன் கடையில உனக்கு என்ன தம்பி வேலை?" அவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் பாரம் முடித்தவன் நான்தான். படித்தவன் என்பதால் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்தார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

எங்கள் எஸ்டேட்டில் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆறு. மற்ற லயங்களில் எல்லாம் முருகனும் மாரியம்மாவும்தான். பெரிய வெள்ளிக்கு இங்கே லீவு கிடையாது. அன்றைக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சிலுவையில் கர்த்தர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானிக்கும் ஆராதனை. எங்களுக்குக் கோயில் கட்டடம் இல்லாததால், கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாயில் நடக்கும். தொட்டில்களை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டுப் பெஞ்சு போடுவோம். வருகிறவர்கள் வேலைக்குப் போகாத கிழவர்களும் பிள்ளைகளும்தான். அம்மா பதினாறு வயதில் கொழுந்து பறிக்கக் கூடை கட்டியவள். அந்த ஆராதனையில் ஒருதரம்கூட உட்கார்ந்ததில்லை. நிறுவை முடித்து, நாலு மணிக்கு மேல் கால் கழுவிக்கொண்டு வந்து எட்டிப் பார்ப்பாள். அப்போது பெஞ்சை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எண்பத்தேழு டிசம்பரில் நான் துரையிடம் போய் நின்றேன். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டு மேனேஜர்தான். பெயர் மட்டும் பழசு. தைப்பூசத்துக்குத் தமிழர் எல்லாருக்கும் லீவு விடுகிறீர்களே, நாங்கள் ஆறு குடும்பமும் அன்றைக்கு வேலை செய்கிறோம், பதிலுக்குப் பெரிய வெள்ளியைக் கொடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேதியப் போட்டு லிஸ்ட் கொண்டா," என்றார். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே பெட்டியைத் திறந்து, ஆராதனைக்குக் கட்ட வெள்ளைப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

அதே சமயம் பின்னறையில் நாங்கள் ஒரு பண்டிகைக் காலண்டர் எழுதிக்கொண்டிருந்தோம். வருஷத்தைக் கொடுத்தால் அந்த வருஷத்துப் பண்டிகை எல்லாவற்றையும் பிரிண்டர் அச்சடித்துத் தரும். சீனப் புத்தாண்டைத் தவுக்கே பார்த்துக்கொண்டார். தைப்பூசம், பங்குனி உத்திரம், தீபாவளியை எல்லாம் முட்டைக்கோஸ்காரன் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதினான். வாத்தியார் நோன்புப் பெருநாளுக்கு உத்தேசமாக ஒரு தேதியை வைத்து, பக்கத்திலேயே பிறை பார்த்த பிறகு உறுதியாகும் என்று அச்சாகும்படி எழுதினார். பெரிய வெள்ளி என் பங்கு.

கணக்கு இதுதான்: மார்ச் இருபத்தொன்றிலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் ஒரு வாரம் தள்ளி, அதற்கடுத்த ஞாயிறு. ஈஸ்டருக்கு இரண்டு நாள் முந்திய வெள்ளி, பெரிய வெள்ளி. போதகரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நானே எழுதினேன். பழைய இரண்டு வருஷங்களைக் கொடுத்துப் பார்த்தேன், சரியாக வந்தது. முழங்காலில் நின்று ஜெபம் செய்துவிட்டு எழுதிய வரிகள் அவை. முட்டைக்கோஸ்காரன் அதற்குள் கையை விட்டு ஏதாவது வேடிக்கை பண்ணிவிடுவானோ என்று எனக்குப் பயம். அதனால் என் பகுதிக்கு மேலே ஒரு வரி போட்டேன்: இது எங்கள் வேதக் காரியம், தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

தவுக்கே அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த அறையில் அப்படி ஒரு வரியை யாரும் அதுவரை எழுதியதில்லை. முட்டைக்கோஸ்காரன் மட்டும், "சரி பாஸ்டரே," என்றான். அன்றைக்கு அவன் கேலி செய்யாதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

காலண்டரை அச்சடித்தோம். ஏப்ரல் எட்டு என்று வந்தது. அதைப் பார்த்து ஆபீஸ் டைப்ரைட்டரில் லீவு லிஸ்ட்டை நானே அடித்தேன். துரை கையெழுத்துப் போட்டார். தைப்பூசத்தன்று மற்ற லயமெல்லாம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு தெருவில் நிற்க, எங்கள் ஆறு குடும்பமும் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறியது.

எங்கள் போதகர் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு மேலே வருவார். பிப்ரவரியில் ரோட்டில் மண் சரிந்து அவரால் வர முடியவில்லை. மார்ச் முதல் ஞாயிறு வந்து, ஆராதனை முடிவில் அறிவிப்புச் சொன்னார். பெரிய வெள்ளி, ஏப்ரல் முதல் தேதி.

பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு. அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். போதகருக்குத்தான் தேதி தப்பியிருக்கும் என்று அவள் நினைத்தது முகத்தில் தெரிந்தது. போதகர் பைக்குள்ளிருந்து சபைக் காலண்டரை எடுத்துக் காட்டினார். ஒன்றாம் தேதிதான்.

மறுநாள் காலையில் பெரிய கிராணியிடம் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லிஸ்ட்டைப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, இதை அடிச்சது யாரு?"

"நான்தாங்கய்யா."

"உன் சாமி என்னைக்கு செத்தாருன்னு உனக்கே தெரியல. எனக்கு எப்படிடா தெரியும்?"

"ஒரு வாரம் முன்னுக்குப் போட்டாப் போதும்யா."

"போட்டாப் போதுமா? ஒண்ணாம் தேதி ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆளு வராங்க. மேல் மலை முழுக்கக் கொழுந்து நிக்குது. கங்காணி இப்பவே ஆளு இல்ல ஆளு இல்லன்னு கத்துறான். துரை ஒருதரம் எறங்கி வந்தாரு, ரெண்டாந்தரம் வரமாட்டாரு. வேணும்னா நீயே போய்க் கேளு."

போய்க் கேட்டேன். துரை கோபப்படக்கூட இல்லை. "கேட்ட தேதியைக் குடுத்தாச்சு," என்று சொல்லிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

அந்த ஞாயிறு பின்னறையில் என் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே தப்பு என்று தெரியவில்லை. முட்டைக்கோஸ்காரன் பின்னால் வந்து நின்றான். நடந்ததைச் சொன்னேன். அவன் நாங்கள் அச்சடித்த காலண்டரையே எடுத்து முன்னால் வைத்தான்.

"இதுல பங்குனிப் பௌர்ணமி எந்த நாளுன்னு போட்டிருக்கு?"

"சனி."

"அது என்னோட கணக்கு, பஞ்சாங்கம் பாத்தது. உன் கணக்குல அதே பௌர்ணமி எந்த நாளு வருது?"

திரையைப் பார்த்தேன். ஞாயிறு. அவன் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினான். நாள் பின்னமாக வந்தால் அடுத்த நாளுக்கு ஏற்றிக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வரவேண்டிய நிலா ஞாயிற்றுக்கிழமையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஞாயிறானால் ஒரு வாரம் தள்ளு என்ற விதி அதைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் பார்த்தது ஒரே நிலாவை. ஒரே தாளில், ஒருவன் சனி என்றும் ஒருவன் ஞாயிறு என்றும் வைத்திருந்தோம்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அச்சடிச்ச அன்னைக்கே."

"ஏன்டா சொல்லல?"

"நீதானே எழுதி வெச்சிருந்த, தொடாதீங்கன்னு. எதுக்கெடுத்தாலும் உன்னைக் கேலி பண்றேன், சாமி விஷயத்துலயாவது மரியாதையா இருப்போம்னு விட்டுட்டேன். உங்க ஆளுங்களுக்கு வேற நிலாக் கணக்கு இருக்கும்னு நெனச்சேன். எனக்கு என்ன தெரியும்?"

அவன் மேல் கோபப்பட முயற்சி செய்தேன். வரவில்லை. இத்தனை வருஷமாக நான் அவனிடம் எதிர்பார்த்த மரியாதையை அவன் கொடுத்த ஒரே தடவை அதுதான். நாற்காலியை விட்டு எழுந்தேன். அவன் உட்கார்ந்து அந்த வரியைத் திருத்தினான். பிறகு, சபைக் காலண்டரில் இருக்கும் பழைய தேதிகளையெல்லாம் கொண்டுவா, ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றான். மேலே என் பெயருக்குக் கீழே அவன் பெயர் ஏறியது. தவுக்கே எனக்கு ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து வைத்தார். குடிக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பதினொன்றரை மணிக்குப் பெரிய கிராணி என் மேசைக்கு வந்தார். "பாட்டுப் பிடிக்க ஆளு இல்லன்னு உங்க போதகர் வந்து நிக்கிறாரு. நீ போ. மூணு மணிக்குத் திரும்பி வா. நான் பாத்துக்கிறேன்." வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போதகர் வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். போனேன்.

ஆயாக் கொட்டாயில் கிழவர்கள் நாலு பேர், பிள்ளைகள் கொஞ்சம். ஓரத்தில் தொட்டில்கள். ஜன்னல் வழியாக மேல் மலை தெரிந்தது. செடி ஈரம் படாமலிருக்க மஞ்சள் பிளாஸ்டிக் கட்டிய இடுப்புகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. அதில் எது அம்மா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. தப்புப் பண்ணிய நான் உள்ளே உட்கார்ந்து பாடினேன்.

எட்டாம் தேதி எங்களுக்கு லீவு. அம்மா வழக்கம்போல விடியும் முன்னே எழுந்து, தேத்தண்ணி கலக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். கூடையோடு போன பக்கத்து வீட்டுக்காரி நின்று கேட்டாள்.

"என்னக்கா, வரலயா? இன்னைக்கு உங்களுக்கு என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லடி. எம்மவன் வாங்கிக் குடுத்த லீவு. சும்மா உக்காந்திருக்கேன்."

பத்து மணிக்கு முட்டைக்கோஸ்காரன் மோட்டாரில் வந்தான். சாக்கில் ஆறு முட்டைக்கோஸ், வீட்டுக்கு ஒன்று. அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"முன்னாடியே தெரியுமாமே உனக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தல்ல? அப்ப போன வெள்ளிக்கிழமை நீயும் வந்து என்கூடக் கூடை கட்டியிருக்கணும்."

"கங்காணி என்னைச் சேத்துக்கமாட்டாரும்மா. எனக்கு முட்டைக்கோஸ் வெட்டத்தான் தெரியும்."

அம்மா சிரித்துவிட்டாள். அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அவன் போன பிறகு உள்ளே வந்து பாயில் கால் நீட்டி உட்கார்ந்தாள். மத்தியானம் ஆகியிருந்தது. "நீதான் முழுசா இருந்தியே. அன்னைக்குப் போதகர் என்ன சொன்னாரு, சொல்லு, கேக்குறேன்," என்றாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் வார்த்தையைச் சொன்னேன், அதற்குப் போதகர் கொடுத்த விளக்கத்தைச் சொன்னேன். எனக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. இரண்டாவதற்கு ஆமாம் என்று தலையை ஆட்டினாள். மூன்றாவது, தாயை நோக்கிச் சொன்னது. அதற்குள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்பலாமா என்று பார்த்தேன். விரல்களில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. மீதி நாலையும் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.