தோபிக்கு எதுக்கு மெடல்

என் வீட்டுக்காரர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் துணி வெளுத்தார். துப்பாக்கி பிடிக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்தார். அங்கே எல்லாரும் பிடித்துப் பழகித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் வேலை வெளுப்பு. சமைக்கிறவர், முடி வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர் என்று பட்டாளத்தோடு போகும் ஆட்களில் அவரும் ஒருவர். சண்டை வந்தால் இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டா சண்டை போடுவார்கள்? பங்களாதேஷ் சண்டைக்குப் போனார். பனிமலைக்கு மேலே போய் மூன்று வருஷம் இருந்தார். அங்கே துவைத்துப் போட்ட சட்டை பலகை மாதிரி விறைத்து நிற்குமாம், மடக்கினால் ஒடியுமாம். ஒடியாமல் காய வைக்கத் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

இதற்கெல்லாம் மூன்று மெடல் என்று வரிசையில் நிறுத்தி ரிப்பன் கொடுத்தார்கள். சண்டைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, ஒன்பது வருஷம் ஒழுங்காக இருந்ததற்கு ஒன்று. மெடல் பிறகு வரும் என்றார்கள். பட்டாளத்தில் பிறகு என்றால் எப்போது என்று யாரும் கேட்கமாட்டார்கள் போலிருக்கிறது. மூன்று ரிப்பனையும் சின்னத் தகட்டில் கோத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, கொச்சியில் எங்களைப் போன்ற தமிழ்ச் சலவைக்காரர்கள் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

கூடவே ஒரு புத்தகமும் வந்தது. பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுப்பது. எங்கெங்கே இருந்தார், நடத்தை எப்படி, என்னென்ன மெடல் என்று எல்லாம் அதில் இங்கிலீஷில் இருக்கும். நான் நாலாங்கிளாஸ் வரை போனவள். அவர் அதற்கும் குறைவு. அதனால் புத்தகத்தைப் படிக்காமல் பத்திரப்படுத்தினோம். என் கல்யாணச் சேலைக்கு நடுவில் வைத்து, பாச்சை உருண்டை போட்டு, சரஸ்வதி பூஜை அன்று எடுத்துச் சந்தனம் தடவி, திரும்பப் பூட்டி வைத்தேன். நாற்பது வருஷம் இப்படி. மெடல் எழுதும் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. அந்த இல்லைக்குத்தான் நாற்பது வருஷம் சந்தனம் தடவியிருக்கிறேன்.

இது தெரிய வந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் செகரட்டரி பட்டாளத்தில் ஸ்டோர் பார்த்தவர். பூட்ஸும் போர்வையும் எண்ணியே காலம் கழித்தவர். அவர் மார்பை நிமிர்த்தி நடப்பதைப் பார்த்தால் எல்லைக்கோட்டை அவர்தான் போட்டார் என்று நினைப்போம். ஜனவரியில் கொடியேற்றும்போது மெடல் வாங்கினவர்களை மேடையில் உட்கார வைக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. எல்லாருடைய புத்தகத்தையும் வாங்கிப் போனார். பார்த்தவர் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மேடையில் என்ன தமாஷ் இருக்கும்?

இவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ரிப்பனைக் குத்திக்கொண்டு போய் மேடையில் உட்கார்ந்தார். செகரட்டரி மைக்கைப் பிடித்தார்.

“தோபிச்சேட்டா, ஷர்ட் கொள்ளாமல்லோ! ஆரெங்கிலும் அலக்கான் தந்நதாணோ?”

சட்டை நன்றாக இருக்கிறதே, யாராவது வெளுக்கக் கொடுத்ததா என்று கேட்கிறார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் போட்டிருந்த சட்டை எங்கள் வீட்டில் வெளுத்துத் தேய்த்ததுதான்.

பிறகு செகரட்டரி குரலைத் தணித்து, புத்தகத்தில் மெடல் ஒன்றுமில்லை, கீழே வந்து உட்காருங்கள் என்றார். தணித்தது மைக்குக்குத் தெரியுமா? அதுவும் எல்லாருக்கும் கேட்டது. இவர் எழுந்து, தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நேரே வீட்டுக்கு நடந்தார். நான் பெண்கள் பக்கம் கடைசி நாற்காலியில் இருந்தேன். நாலு பேர் முன்னால் இருமவும் கூசுகிறவள் நான். எழுந்து அவர் பின்னால் போனேன்.

அன்றோடு அவர் வெளியே போவது நின்றது. சவரம் நின்றது. யாராவது தேடி வந்தால் தூங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். பகல் பதினொரு மணிக்கு எத்தனை நாள் ஒரு மனுஷன் தூங்குவான்?

“எல்லாரும் மறந்திருப்பாங்க, போயிட்டு வாங்களேன்” என்றேன்.

“மறப்பாங்க. என்னைப் பாத்ததும் ஞாபகம் வரும்” என்றார்.

மெடல் வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசையும் கிடையாது. அந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு உள்ளதை எழுதவேண்டும், அவர் வாசலைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். தேவராவில் இருக்கும் எங்கள் மகளிடம் மனு எழுதித் தரச் சொன்னேன்.

“அம்மா, இதை இனி யாரு பாக்கப் போறா? விட்டுடேன்” என்றாள்.

“உங்கப்பா பாத்துட்டாரே” என்றேன். எழுதித் தந்தாள்.

பட்டாளக்காரர்களுக்கான ஆபீஸ் எர்ணாகுளத்தில். போட்டில் போனேன். வெள்ளைக்காரன் காலத்து மின்விசிறி, அதற்குக் கீழே அதே வயது ஃபைல்கள். மேஜையில் இருந்த கிளார்க் மனுவை ஓரத்தில் பிடித்து, ஈரத்துணி மாதிரி தூக்கிப் பார்த்தார்.

“தோபிக்கு எதுக்கு அம்மச்சீ மெடல்?”

பையிலிருந்து ரிப்பன் தகட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

“ரிப்பனொக்கெ பிராட்வேயில் கிட்டும். மீட்டர் கணக்கில்” என்று கடைத்தெருவைச் சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜையைப் பார்த்தார். அங்கேயும் ஒருவர் சிரித்தார். சம்பளம் வாங்குகிற இரண்டு ஆண்பிள்ளைகளுக்குக் காலை பத்தரை மணிக்கு இந்த அளவு பொழுதுபோக்கு கிடைத்தது என் புண்ணியம்.

ஆனாலும் மனுவை அனுப்பினார்கள். எங்கோ வடக்கே ரெக்கார்டு ஆபீஸ் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்தது. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். இவருடைய பதிவில் மெடல் எழுதப்படவில்லை, ஆகையால் மெடல் எழுத இயலாது. எழுதாததால்தானே எழுதச் சொல்கிறேன்? இதைக் கண்டுபிடிக்க ஐந்து மாதம், கீழே மூன்று கையெழுத்து, மேலே ஒரு சிங்க முத்திரை. நாலாங்கிளாஸில் நான் இப்படி ஒரு பதில் எழுதியிருந்தால் டீச்சர் பெஞ்சில் ஏற்றியிருப்பார்.

திரும்பவும் எர்ணாகுளம் போனேன். அதே கிளார்க். இரண்டாம் தடவை பார்த்ததால் கொஞ்சம் மனுஷனாகப் பேசினார். மெடல் கொடுத்தபோது யார் யாருக்கு என்று ஒரு ஆர்டர் போட்டிருப்பார்கள், அதற்கு நம்பர் உண்டு, கூட இருந்தவர் யாருடைய புத்தகத்திலாவது அந்த நம்பர் இருக்கும், அதையும் அவருடைய சாட்சிக் கையெழுத்தையும் கொண்டு வந்தால் தேடுவார்கள் என்றார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் வாயில் இருந்த வெற்றிலை கீழே விழுந்திருக்கும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, “உங்களோட இருந்தவர் பேர் ஒண்ணு சொல்லுங்க” என்றேன்.

யோசித்தார். ஒரு பேரும் வரவில்லை. பதினேழு வருஷம்!

“பேரெல்லாம் யாரு கேட்டா? குறி தெரியும்” என்றார்.

எங்கள் தொழிலில் யாருக்கும் பேர் கிடையாது, குறிதான். எந்தத் துணி யாருடையது என்று மாறாமலிருக்க, கழுத்துப்பட்டியின் உள்பக்கம் சேங்கொட்டை மையால் ஆளுக்கொரு அடையாளம் போடுவோம். புள்ளி, கோடு, வளைவு, பெருக்கல். துணி கிழிந்தாலும் மை போகாது. பட்டாளத்தில் ஆளுக்கொரு நம்பர் இருந்தும், நம்பர் படிக்கத் தெரியாத இவர் அங்கேயும் நூற்றுச் சொச்சம் பேருக்கு எங்கள் குறியைத்தான் போட்டிருக்கிறார். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.

“ரெண்டு கோடு, நடுவுல புள்ளி, அவன் தஞ்சாவூர்ப் பக்கம், போய்ச் சேந்துட்டான்னு கேள்வி. பெருக்கல் போட்டவன் ஆந்திரா. மூணு புள்ளி, அடியில ஒரு வளைவு… அவன் கும்பளங்கி. வண்டி ஓட்டினவன். காலர்ல எப்பவும் கிரீஸ்.”

“கும்பளங்கியா? இங்கேருந்து ஒரு மணி நேரம். இத்தனை வருஷத்துல ஒரு தடவை போய்ப் பாக்கலையா?”

“போய் என்னன்னு கேக்கறது? மூணு புள்ளி வளைவு வீட்டுல இருக்காரான்னா?”

ஒரு காகிதத்தில் அந்தக் குறியைப் போட்டுத் தரச் சொன்னேன். கூட வாருங்கள் என்றேன். வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோப்பும்படியில் பஸ் மாறிக் கும்பளங்கி போனேன். பழைய பட்டாளக்காரர் வீடு எது என்று கடையில் கேட்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மூன்று வீடு சொன்னார்கள். முதல் வீட்டுக்காரர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மந்திரவாதமா என்று கேட்டார். இரண்டாவது வீட்டில் நாய் மட்டும் பேசியது. மூன்றாவது வீடு மீன் வளர்க்கும் குளக்கரையில். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த கிழவர் காகிதத்தை வாங்கினார். எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கையில் ஒரு மஞ்சளேறிய பனியனோடு வந்தார். கழுத்துப்பட்டியைப் புரட்டிக் காட்டினார். மூன்று புள்ளி, அடியில் வளைவு.

“தோபி! நம்ம தோபி! உயிரோட உண்டா அவன்?” பட்டாளத்தில் பேசிய தமிழ் அவர் வாயில் அப்படியே இருந்தது. “கள்ளன்! என்டெ கம்பிளி ஸ்வெட்டர வெந்நீர்ல இட்டு கொச்சுப்பிள்ளை சைஸ் ஆக்கிட்டான், அறியோ பெங்களே?”

தங்கச்சி என்று கூப்பிட்டவரிடம் விஷயத்தைச் சொன்னேன். குனிந்துகொண்டே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் தன் புத்தகத்தை எடுத்து வந்தார். மூன்று மெடலும் அதில் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஆர்டர் நம்பரும் இருந்தது.

“எல்லாருக்கும் ஒரே ஆர்டர்தான். சமையல், தோபி, பார்பர் பேரெல்லாம் கடைசி ஷீட்டுல. எழுதறவன் அந்த ஷீட்ட மறிச்சு நோக்கியிருக்க மாட்டான். அவனுக்குச் சோறும் வேணும், வெளுத்த சட்டையும் வேணும், கடைசி ஷீட்டு மாத்ரம் வேணாம்.”

சாட்சிக் காகிதத்தில் எழுதப் பேனா எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அவன் பேரு என்னா?”

மூன்று வருஷம் பனிமலையில் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள். ஒருவர் பேர் மற்றவருக்குத் தெரியாது. இந்தப் பட்டாளம் எப்படித்தான் சண்டையில் ஜெயித்ததோ! நான் மட்டும் என்ன ஒழுங்கு? கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. அன்றும் வரவில்லை. மனுவை நீட்டி, விரலால் தொட்டுக் காட்டினேன். அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

இரண்டாவது மனு போய் ஏழு மாதம் ஆயிற்று. கடைசியில் ஒரு கவர் வந்தது. பழைய பதிவு திருத்தப்பட்டது என்று ஒரு தாள், மூன்று மெடலும் எழுதிப் புது முத்திரை குத்திய பக்கம் ஒன்று. யார் தவறு என்று ஒரு வரி இல்லை. வருந்துகிறோம் என்று ஒரு சொல் இல்லை. மெடல் வேண்டுமானால் அதற்கு வேறு ஃபாரம் நிரப்பி அனுப்பவும் என்று மட்டும் அடியில் இருந்தது.

மகள் அந்தப் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னொரு தடவ” என்றார். அவள் இன்னொரு தடவை சொன்னாள். ஃபாரம் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

“எழுதிட்டான்ல. போதும்.”

செய்தி எப்படியோ போய், மறுநாளே செகரட்டரி வந்துவிட்டார். கையில் ஒரு பொன்னாடை, கவர்கூடப் பிரிக்காதது. அடுத்த கொடியேற்றத்துக்கு மேடையில் நடு நாற்காலி என்றார். அன்றைக்குச் சொன்னது ஒரு தமாஷ், சேட்டன் மனசில் வைக்கக்கூடாது என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சரி’ என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். வீடு தேடி வந்து யார் எது சொன்னாலும் இவருக்குச் சரிதான்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நான் எப்படிப் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“தமாஷ மைக்குல சொன்னீங்க. புத்தகத்துல மெடல் இருக்குங்கறதையும் அதே மைக்குல சொல்லுங்க. அதுக்கப்புறம் நாற்காலி போடலாம்.”

செகரட்டரி கதவைப் பார்த்தார். கதவு பேசியது என்று நினைத்திருப்பார். பார்க்கலாம், கமிட்டியில் கேட்கவேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டே எழுந்தார். பொன்னாடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். கமிட்டி இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவர் போனதும் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏய், நீயா பேசினே?” என்றார். எனக்கு வெட்கமாகி அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை அவர் சவரம் செய்துகொண்டார். சட்டை போட்டார், ரிப்பன் குத்தவில்லை. பை எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். வாசலைத் தாண்டி, தெருமுனை வரை நிமிர்ந்து நடந்து, சந்தைப் பக்கம் திரும்பினார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

ஒரு மணி நேரம் கழித்து மத்தி வாங்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. வழியில் யாரோ இரண்டு பேர் நின்று பேசினார்களாம். பையைத் திறந்து பார்த்தேன். செவுள் கறுத்து, வயிறு வெடித்த மத்தி, பூனைக்குக்கூட ஆகாது. மூன்று மெடல் வாங்கினவருக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியவில்லை. நாளைக்கும் போய் ஒழுங்காக வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மத்தியைப் பின்பக்கம் கொட்டினேன்.