முப்பத்தோராவது வளைவு

கொல்லிமலைச் சாலையில் என் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. நான் காரை நிறுத்திய வளைவுகளிலெல்லாம் மொபெட்டில் வந்த ஒரு மனிதரும் வண்டியை நிறுத்தினார். நரைத்த மீசை, மடித்துக் கட்டிய வேட்டி, கழுத்தில் பழைய கேமரா. ஒவ்வொரு முறையும் கேமராவின் கண்ணாடியைத் துண்டால் துடைத்து, வெகுநேரம் பார்த்து, ஒரே ஒரு படம் எடுப்பார். பதினான்கு வயதுப் பெண்ணைப் பெற்றவளுக்குச் சந்தேகப்பட அது போதாதா?

முப்பத்தோராவது வளைவில் அவர் படமெடுத்து முடித்ததும் போய்க் கேட்டேவிட்டேன்.

"என் பொண்ணை எடுத்தீங்களா? காட்டுங்க. டெலீட் பண்ணுங்க."

"இல்லீங்கம்மா, பாப்பாவ எடுக்கலீங்க. இது ஃபிலிமு கேமராங்க, காட்டவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வளைவுக்கு ஒண்ணுன்னு இந்த மலையோட எழுபது வளைவையும் எடுத்துட்டு வாரேனுங்க. முப்பத்தாறு படம் புடிக்கற ரோலு, இதோட சேத்து ரெண்டு ரோலுதான் எங்கிட்ட மிச்சம். இந்த ஃபிலிமு செய்யறதையே நிறுத்திப்போட்டாங்க."

"கதை சொல்லாதீங்க. நான் எப்படி நம்பறது?"

அவர் என் மகளைப் பார்த்தார். அவள் கார்க் கதவைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாத கண்ணு" என்றவர், கேமராவின் பின்மூடியைத் திறந்து ஃபிலிமை வெயிலில் முழுதாக உருவிப் போட்டார். வெளிச்சம் பட்டு முப்பத்தொரு வளைவுகளும் போயின.

"இப்பச் சரிங்களா?"

அவர் மேலே போகாமல் மொபெட்டைத் திருப்பிக் கீழே இறங்கினார். மீதி ஒரு ரோலில் எழுபது அடங்காதே.

தப்பு செய்யாதவர் அத்தனையையும் அழிப்பாரா என்று இன்னும் சந்தேகப்படுகிறேன். அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டால், அன்று நான் செய்தது என்ன என்று என்னையே கேட்க வேண்டியிருக்கும்.