ஓட்டுபவரையும் சேர்த்து நூற்றைம்பது கிலோ

என் தங்கை சிநேகாவின் எடை நாற்பத்தேழு கிலோ. என் எடை எண்பத்தேழு. இந்த நாற்பது கிலோவால்தான் எனக்கு அவள் மேல் பொறாமை வந்தது. அதுவும் முப்பத்தெட்டு வயதில் வந்தது. அவளுக்கு இருபத்தைந்து.

எங்கள் ஊர் படாளம். நான் பத்தாவதோடு நின்றவன். கரும்பு லாரிகளை எடை போடும் மேடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சிநேகா டிப்ளமோ படித்தவள், மறைமலைநகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். சூப்பர்வைசர் சரி என்று தள்ளிய பெட்டியைத் திரும்பப் பிரித்து, அதில் கோணலான மூன்றைப் பொறுக்கி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தவள். அன்று இரவு அம்மா திட்டியபோது, "கோணலா கீதுன்னா கோணல்தாம்மா. நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போய்விட்டாள். குரலை உயர்த்த மாட்டாள். விட்டும் கொடுக்க மாட்டாள்.

கம்பெனி ஆட்களோடு கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு நாள் போனவள், அங்கே கூரையில்லாத குட்டி வண்டிகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். கார்ட் என்பார்கள். நான்கு சின்னச் சக்கரம், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் ஒரு சீட்டு, பக்கத்திலேயே எஞ்சின். "நாமளே செய்யலாம்ண்ணா" என்றாள். கழித்துப் போட்ட ஸ்கூட்டரின் எஞ்சின் ஒன்றை மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். வெல்டிங் கடை ரமேஷ் அவள் வரைந்த படத்தைப் பார்த்துக் குழாய்களை வளைத்துக் கொடுத்தான். சீட்டுக்கு என் இடுப்பைத்தான் அளந்தாள். அதனால் ஓட்டப் போவது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவளும் இல்லை என்று சொல்லவில்லை.

எடையைக் குறைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். காய்கறிக் கடைத் தராசு ஒன்றை வாங்கிவந்து ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து நோட்டில் எழுதினேன். கால் வைக்கும் இரும்புத் தகட்டை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டதில் நாலு கிலோ போனது. சங்கிலி மூடி, ஸ்கூட்டரின் பழைய ஸ்டாண்டு, தேவையில்லாத பிடிகள் எல்லாம் போயின. நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளை ரம்பத்தால் அறுத்தேன். அறுத்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தால் முந்நூற்று நாற்பது கிராம். தொண்ணூற்றெட்டரைக் கிலோவாக இருந்த வண்டி நாலு மாதத்தில் எழுபத்தொன்பது கிலோவுக்கு வந்தது. அந்த நோட்டை ரமேஷிடம் மூன்று தடவை காட்டினேன்.

ஓட்டிப் பார்த்த அன்றுதான் சிக்கல் தெரிந்தது. வீடு கட்டாத மனைப்பிரிவு ஒன்றின் தார்ச்சாலையில் சிநேகா ஓட்டினாள். இடது பக்கம் ஒழுங்காகத் திரும்பியது. வலது பக்கம் திருப்பினால் வண்டி கேட்காமல் நேராகவே இழுத்துக்கொண்டு போனது. நான் டயரைக் குற்றம் சொன்னேன். அவள் மறுநாள், வீட்டில் ஏறி நின்று பார்க்கிற எடை மெஷின் நாலு கடன் வாங்கி வந்தாள். ரசமட்டம் வைத்து, சிமெண்டுத் தரையில் நாலும் ஒரே மட்டத்தில் நிற்கும்படி நான் அட்டை வைத்துச் சரிசெய்தேன். சக்கரத்துக்கு ஒரு மெஷினாக வண்டியை ஏற்றினோம். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சீட்டில் உட்காரப் போனாள்.

"எறங்கு. எடை போடறப்ப டிரைவர் ஏறக்கூடாது" என்றேன்.

எங்கள் மேடையில் அதுதான் சட்டம். சரக்கோடு வரும்போது உட்கார்ந்திருந்துவிட்டு, காலி வண்டியை நிறுக்கும்போது இறங்கிவிட்டால், டிரைவரின் எடையும் கரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் இரண்டு தடவையும் இறக்கிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். அதே பழக்கத்தில் நாலு மாதமாக இந்த வண்டியையும் ஆள் இல்லாமலே நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா, லாரியா இது? பதினாறு டன்னுல டிரைவர் எந்த மூலைக்கு? இதுல பாதி வண்டியே டிரைவர்தான்."

உட்கார்ந்தாள். வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து எழுபத்துமூன்று காட்டின. இடப்பக்கம் ஐம்பத்தேழரை. எஞ்சின் வலப்பக்கம் இருக்கிறது, சீட்டோ நட்டநடுவில். பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சுற்றுவதால், வலது பக்கம் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் லேசாகித் தரையை விட்டு எழும்ப வேண்டுமாம். இந்தக் கனத்தில் அது எப்படி எழும்பும்? நான் கிராம் கிராமாக அறுத்தது எல்லாம் சரி, எந்தச் சக்கரத்தில் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

கடற்கரைப் பக்கம் நடக்கும் கார்ட் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தாள்; அப்புறம் அதன் விதியை எடுத்துப் படித்தாள். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்குக் குறையக் கூடாது. ஓடி முடித்ததும் நிறுப்பார்கள். அவள் ஹெல்மெட், ஷூ எல்லாம் போட்டு ஐம்பத்தொன்றரை; வண்டியோடு நூற்றுமுப்பதரைதான் வந்தது.

"அப்போ இருவது கிலோ நான் வீணா கொறைச்சேனா?"

"வீணா எங்க? அந்த இருவது கிலோவ இப்ப நம்ம இஷ்டத்துக்கு எங்க வேணா வெக்கலாம். இடது பக்கமா, கீழ, சீட்டை ஒட்டி." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ ஓட்டினா நூத்தியெழுவது வரும்ண்ணா. உன் இருவது கிலோவ கழட்டி வெக்க முடியாதுல்ல" என்றாள்.

அம்மா சிரித்துவிட்டது. "ஒரு வேள சோத்த கொறைடா ராமதாசு."

அடுத்த வாரம் என் இடுப்புக்கு அளந்த சீட்டு கழன்றது. அவள் அளவுக்கு ஒரு சின்ன சீட்டு வந்தது. நான் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தேன், தொடை நுழையவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எழுந்தேன்.

மாமல்லபுரத்து வலைக்கடையில் மீன் வலைக்குக் கோக்கிற ஈயக் குண்டுகளை இருபது கிலோ வாங்கி வந்தாள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஓட்டை இருக்கும். நீள போல்ட்டில் மணி கோப்பது போல் கோத்து, இரண்டு பக்கமும் நட்டுப் போட்டு முறுக்கினாள். எனக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். எடை என்றால் நான்தானே.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கடைசி எடையைப் போட்டுவிட்டாள். அவள் சீட்டில் உட்கார, அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எண்களைப் படித்ததாம். சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 150.6. இடமும் வலமும் கிட்டத்தட்டச் சமம். நான் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பார்த்தேன். மூன்று லிட்டரும் நிறைந்திருந்தது.

எனக்கு உடனே கணக்கு ஓடியது. மூன்று லிட்டர் இரண்டேகால் கிலோ. போட்டியில் பாதி எரிந்தாலும் ஒரு கிலோ போகும். முடித்து வந்து நிறுத்தால் நூற்றைம்பதுக்குக் கீழே நிற்கும், ஓடினது செல்லாது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் நாலு குண்டு கோத்துவிடுவாள்.

சொல்லவில்லை. வெள்ளி ராத்திரி சாப்பிடும்போது வாய்வரை வந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். சனிக்கிழமை முழுக்க அவள் வண்டியைத் துடைத்தாள், நான் துணி பிழிந்து கொடுத்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மாமல்லபுரம் தாண்டி, கடலை ஒட்டிய மைதானம். காற்றில் மணல் வந்து பாதையில் படிந்துகொண்டே இருந்தது. பதினொரு வண்டி. சிநேகா ஆறாவதாகக் கிளம்பினாள். வலது திருப்பங்களில் மற்றவர்கள் வழுக்க, இவள் உள்பக்கமாக நுழைந்து நுழைந்து முந்தினாள். அந்தச் சின்ன உடம்பு அசையாமல் உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, வயிறும் எரிந்தது. இரண்டாவதாக முடித்தாள்.

முடித்தவர்கள் வரிசையாக எடைக்கு நின்றார்கள். மூன்றாவதாக வந்த கூடுவாஞ்சேரிப் பையனை முதலில் ஏற்றினார்கள். நானூறு கிராம் குறைவு. பெயரை அடித்துவிட்டார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மணலில் உட்கார்ந்தான்.

அடுத்தது இவள். வண்டியைத் தள்ளி மேடையில் ஏற்றியதே நான்தான். இறங்கி, கண்ணை மூடிக்கொண்டேன்.

"நூத்தியம்பத்தொண்ணு புள்ளி நாலு. ஓகே" என்றார் எடை பார்த்தவர்.

சிநேகா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இன்னாண்ணா, மூஞ்சி இப்டி கீது?"

"டேங்க்கு காலியா வெச்சா எடை போட்ட?"

"பின்ன? போட்டுட்டு அப்பாலதான் ரொப்பினேன். எரிஞ்சி போறத யாராச்சும் கணக்குல சேப்பாங்களா?" என்றவள் நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். "ரொப்பிட்டுப் போட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"வெள்ளிக்கெழமலேர்ந்து."

கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா கொறைஞ்சிடும்?" என்றாள்.

"நீ தோக்கணும்னு இல்ல சிநேகா" என்று ஆரம்பித்தேன். அது பொய் என்று எனக்கே கேட்டது. "தோக்கணும்னுதான் நெனச்சேன்."

அவள் திட்டவில்லை. கையுறையை உருவி ஹெல்மெட்டுக்குள் போட்டாள். "சரி, வண்டிய புடி. எஞ்சின் பக்கம் நீ" என்றாள். தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை இரண்டாம் பரிசுக் கோப்பையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அடுத்த தடவ எடை போடறப்ப நீ வூட்ல இருக்கணும். அம்மா மூணையும் எட்டையும் மாத்தி மாத்திப் படிக்குது. நாலு தடவ ஏறி எறங்கினேன்."

"ஷிப்டு மாத்திக்கிறேன்" என்றேன்.

"நெனச்சத அங்கியே சொல்லணும்."

"சொல்றேன்."