ஆறாவது கை

எங்கள் ஊரில் விருந்தென்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் சோறு, நடுவில் இறைச்சிக் கறி, சுற்றிவர ஆறு பேர், ஒரே தட்டுக்குள் ஆறு கைகள். முன்பின் தெரியாதவரோடு உட்கார்ந்தாலும் எழும்பும்போது உறவாகிவிடுவோம் என்று நாங்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமையை நம்பிக் கையை உடைத்துக்கொண்டவர் என் வாப்பா.

துறைமுகம் கட்டக் கரையை எடுத்தபோது வாப்பா வலை இழுத்த இடமான கரைவலைப் பாடும் போனது. பதிலுக்குத் துறைமுகத்தில் வேலை தந்தார்கள். வாப்பாவுக்குக் கப்பல் கயிறு கட்டும் வேலை. கொஞ்ச காலத்தில் அந்த வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்த ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். கரை கொடுத்தவர்களை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து ஆட்களை லொறியில் கொண்டுவந்தார். நிறுத்தப்பட்டவர்கள் வாசலை மறித்துக் குந்திக்கொண்டார்கள். அவர்களுக்கு எதிரே பொலிஸாரை வரிசையாக நிறுத்தினார்கள்.

பாவம், பொலிஸாருக்கும் நிழலில்லை. நேரத்துக்குச் சாப்பாடும் வரவில்லை. வாப்பாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் வயிற்றில் அடித்தவர்களுக்குக் காவல் நிற்பவனுக்கும் பசிக்குமே என்று கவலைப்பட அவரைப் போன்ற ஒருவரால்தான் முடியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வாசலிலேயே கிடாரம் வைத்து மாட்டிறைச்சியும் சோறும் ஆக்கினார்கள். ஒவ்வொரு சஹனிலும் ஐந்து தொழிலாளிகள், ஆறாவதாக ஒரு பொலிஸ்காரர். இது வாப்பாவின் ஏற்பாடு.

உம்மாவின் தம்பியான மாமாவுக்கு இது பிடிக்கவில்லை.

"மச்சான், கறி போட்டா அவனுகள் கேஸ் போடாம உடுவானுகளா?"

"ஒரு சஹன்ல கை வச்சவன் அடிக்கமாட்டான் மச்சான். நீங்க சும்மா இரிங்க."

கை கழுவத் தண்ணீர் ஊற்றும் வேலையைச் சின்னப் பிள்ளையான எனக்குத் தந்தார்கள். வாப்பாவின் சஹனில் ஆறாவதாக இருந்த பொலிஸ்காரர் மீசை கூடச் சரியாக வராத ஒரு சிங்களப் பொடியன். சோற்றில் எங்கே கை வைப்பதென்று தெரியாமல் தடுமாறினார். வாப்பா நல்ல இறைச்சித் துண்டுகளைப் பிய்த்து, மாப்பிள்ளைக்குத் தள்ளுவதுபோல் அவர் பக்கம் தள்ளிவிட்டார். "சாப்பிடுங்க மல்லி, வெக்கப்படாதீங்க" என்றார். சிங்களத்தில் வாப்பாவுக்குச் சரளமாக வந்த ஒரே சொல் மல்லி, தம்பி என்று அர்த்தம். பொடியன் சிரித்தார். எழும்பும்போது அரைகுறைத் தமிழில் வாப்பாவின் பெயரைக் கேட்டார். வாப்பா தகப்பன் பெயரையும் சேர்த்து முழுசாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் லொறிகளை உள்ளே விட மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம். நேற்றுச் சாப்பிட்ட அதே பொலிஸார் தடிப் பொல்லுகளோடு இறங்கினார்கள். எல்லாரும் ஓடினார்கள். வாப்பா மட்டும் ஓடவில்லை என்று மாமா சொன்னார். அந்தப் பொடியனைக் கண்டு, வலது கையை உயர்த்திக்கொண்டு, அவரை நோக்கியே நடந்தாராம்.

"மல்லி, நான்தான்! நான்தான்!"

பொல்லு அந்தக் கையில்தான் விழுந்தது.

மணிக்கட்டு எலும்பு நொறுங்கியது. பொலிஸாரைத் தாக்கக் கை ஓங்கினார் என்று வழக்கும் வந்தது. அடித்ததும் அவர்கள், அடி வாங்கியவர்மேல் வழக்குப் போட்டதும் அவர்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. அப்போதோ வாப்பாவுக்கு உம்மா சோறு ஊட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா யாரையும் திட்டவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொன்னார். "அந்தப் பொடியனுக்கு என்னை அடையாளம் தெரியல்ல. தெரிஞ்சிருந்தா அடிச்சிருக்கமாட்டான்." கேட்டுக் கேட்டு எனக்கும் அது பாடமாகிவிட்டது. அந்தப் பொலிஸ்காரருக்கு ஞாபகமறதி என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லித் திரிந்தேன்.

வழக்கிலிருந்து தப்பினால் மறுபடி வேலைக்கு எடுப்பதாகத் துறைமுகத்தில் சொல்லியிருந்தார்கள். அத்தனை பேர் ஓடிய இடத்தில் கை ஓங்கியது இன்னார்தான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, பயப்பட வேண்டாம் என்று எங்கள் சட்டத்தரணியும் தைரியம் கொடுத்தார். விசாரணைக்கு உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாப்பா கோணிப்போன கையை மற்றக் கையால் பிடித்தபடி கூண்டில் நின்றார். அதே வழக்கில் மாட்டிய இன்னும் பலரும் அவரோடு நின்றார்கள்.

அந்தப் பொடியன் சாட்சி சொல்ல ஏறினார். கை ஓங்கியவர் இவர்களில் யார் என்று கேட்டார்கள். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. வாப்பாவை நேராகக் காட்டி, பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரையும் சேர்த்து, முழுசாக.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துள்ளி எழும்பி, நீதிமன்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"உம்மா! அவருக்கு வாப்பாவ ஞாபகம் இரிக்கி!"

வாப்பா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இவ்வளவு நல்ல செய்தியைச் சொன்னதற்கு உம்மா ஏன் என் வாயைப் பொத்தினார் என்று எனக்கு விளங்கவில்லை.