மச்சான் வீட்டு விளக்குகள்

லாபு பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் என் தங்கை புஷ்பவள்ளியும் அவள் புருஷன் ஹேமநாதனும் குடியிருக்கிறார்கள். மச்சான் செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக். தோட்டத்தில் எது பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாய்லரும் பார்ப்பார், கோயில் மைக்கும் பார்ப்பார். கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் வீட்டு விளக்குகள் எல்லாவற்றையும் போனுக்குள் கொண்டுபோனார். ஆள் நடமாடினால் விளக்கு எரியும். நடமாட்டம் இல்லையென்றால் நிமிடத்தை எண்ணிக் குறைத்துக்கொண்டே வந்து தானாக அணைந்துவிடும். ஹாலுக்கு ஒரு நேரம், சமையலறைக்கு ஒரு நேரம், மழை நாளுக்கு ஒன்று, டிவி ஓடினால் வேறொன்று. ஒரு விதி இன்னொரு விதியோடு மோதும். அதைத் தீர்க்க மூன்றாவதாக ஒரு விதி போடுவார். யாரும் சுவிட்சை அமுக்கிக் காரியத்தைக் கெடுத்துவிடக்கூடாது என்று எல்லாச் சுவிட்சின் மேலும் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

நடமாட்டத்தைப் பார்க்கும் கருவி கதவுக்கு மேலே இருந்தது. உட்கார்ந்திருப்பவர்கள் அதன் கண்ணில் படமாட்டார்கள். புஷ்பவள்ளி கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், விளக்கு போய்விடும்.

"என்னங்க, லைட்டு போயிருச்சு."

"கையத் தூக்குலா. எரியும்."

அவள் தூக்கினாள். கொஞ்ச நாளில் விளக்கு அணைவதற்கு முன்பே தூக்கப் பழகிவிட்டாள். பேசிக்கொண்டே, சாப்பிட்டுக்கொண்டே, வலது கையோ இடது கையோ தலைக்கு மேலே போய்விட்டு வரும். மகள் ரதிக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. நான் போகும்போதெல்லாம், "என்னாம்மா, பஸ்ஸ நிப்பாட்டுறியா?" என்று கேலி செய்வேன். தங்கையும் சிரிப்பாள்.

ரதிக்குச் சிரம்பானில் வேலை. அங்கே கூட வேலை செய்யும் புனிதனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையனின் அம்மா, பஞ்சாலை என்பவர், நாலு சொந்தக்காரர்களோடு பெண் கேட்டு வந்தார். மச்சான் முன்யோசனைக்காரர் அல்லவா? அன்றைக்கு மட்டும் ஹால் விளக்கு அணையவே கூடாது என்று விருந்தாளிகளுக்காகத் தனியாக ஒரு விதி போட்டு வைத்திருந்தார். விளக்கு அணையவில்லை. ஆனால் தங்கை கையைத் தூக்கினாள். பலகாரத் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்த ரதியும் தூக்கினாள். எனக்குப் பழகிப்போன காட்சி, ஒன்றும் தோன்றவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதை, வடையைக் கடிக்கிற மும்முரத்தில் கோட்டை விட்டுவிட்டேன்.

மறுநாள் பஞ்சாலை எனக்குப் போன் செய்தார். தாய்மாமன் என்பதால் என்னிடம் கேட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. ஒங்க தங்கச்சிக்கு நரம்புல ஏதும் சீக்கு இருக்கா? பொண்ணுக்கும் அதே மாதிரி கை போவுது. எங்காளுங்க பயப்படுறாங்க. இருந்தா மறைக்காம சொல்லிடுங்க, இதோட பேச்ச நிறுத்திக்குவோம்."

நேரில் வந்து சொல்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு லாபுவுக்குப் போனேன். கேட்டதும் மச்சான் முகம் செத்துப்போயிற்று. "சாமி கும்பிடுற பழக்கம்னு சொல்லிடலாமா மச்சான்?" என்றார்.

"எம்மவளுக்கு நோவு இல்லன்னு நீங்களே போயி உள்ளதச் சொல்லுங்க," என்றாள் புஷ்பவள்ளி, சமையலறையிலிருந்து. அவள் புருஷனிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

சிரம்பானில் பஞ்சாலை வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து மச்சான் போனை எடுத்தார். எந்த விதி எதற்கு, எத்தனை நிமிடத்தில் எது அணையும் என்று ஆரம்பித்தார். நான் முழங்கையால் இடித்தும் நிற்கவில்லை. பஞ்சாலை பொறுமையாகக் கேட்டார்.

"செவுத்துல சுவிட்சு இல்லீங்களா?"

"இருக்கு. டேப்பு ஒட்டி வச்சிருக்கேன்."

"லைட்டு போயிடுதுன்னு வீட்டுல சொல்லலியா?"

"சொன்னாங்க."

"நீங்க என்னா செஞ்சீங்க?"

மச்சான் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். "கையத் தூக்கச் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸை நிறுத்துகிறாயா என்று நான் கேட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்து, எனக்கே உடம்பு கூசியது.

"நோவு இல்லன்னா சரிதான்," என்றார் பஞ்சாலை. "பொண்ணு வரட்டும். இங்க சுவிட்ச அமுக்குனா போதும்." குத்திக்காட்டவில்லை, மனதில் பட்டதைச் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

காரில் ஏறியதும் மச்சான், "மானம் போச்சு மச்சான்," என்றார்.

"இன்னைக்கா போச்சு?" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டேப்பையெல்லாம் உரித்தார். விதிகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டார்: வீட்டில் ஒருவருமே இல்லாமல் பூட்டிவிட்டுப் போனால், கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் அணையட்டும். மற்றபடி விளக்கு சுவிட்சின் சொல்லைக் கேட்டது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

நிச்சயதார்த்தம் அந்த ஹாலில்தான் நடந்தது. விளக்கு நின்று எரிந்தது. இரண்டு பக்கத்து ஆட்களும் நிறைந்திருந்தார்கள். தட்டு மாற்றுவதற்குச் சற்று முன், பாயில் உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளியின் கை தானாக எழுந்தது. பாதியில்தான் அவளுக்கே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து இறக்கி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தான் ஏதோ தப்பு செய்துவிட்டவள் போல அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

மச்சான் அதைப் பார்த்தார். பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணின் அப்பா எங்கே என்று தட்டு மாற்ற இரண்டு முறை கூப்பிட்டார்கள். நான்தான் அவர் தோளைத் தொட்டு எழுப்ப வேண்டியிருந்தது.